இரண்டாவது அடுப்பு

தீ மேலிருந்து இறங்கி வந்தது.
மார்ச் மாதத்துக் காய்ந்த புல்லை மேய்ந்துகொண்டு,
காட்டிலாகாச் சுவரில்
தண்ணீர்க் குழாய்க்காக நாங்களே இடித்த ஓட்டை வழியாக.
மலாடு கிழக்கில் அப்போது மணி மூன்றே கால்.
மகன் பள்ளியில்.
அவர் போரிவலியில் யாரோ வீட்டுச் சுவருக்குப்
பட்டி பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் எடுத்துக்கொண்டு ஓடியது செல்போனும்
பாதி கல் பதித்த தோடுகள் ஒரு தட்டும்.
தட்டு படியிலேயே விழுந்துவிட்டது.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபமாம்.
சொன்னவன் வீடு
மெதுவாக எரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்தார்கள்.
சாம்பலில் யார் சுவர் எதுவென்று தெரியவில்லை.
அதனால் அடுப்பை எண்ணினார்கள்.
அடுப்புக்கு ஒரு குடும்பம்,
குடும்பத்துக்கு ஒரு தொகை.
தாண்டேல் சார் குனிந்து குனிந்து
சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே வந்தார்.
எங்களுடையது 114.
கால் மடங்கி, ஒரு பர்னர் ஒழுகி,
பாத்திரக்காரன்கூட எடுக்கமாட்டான்.
எண் விழுந்ததும்
அதை மிதிக்காமல் தள்ளி நின்றேன்.

"மாலிக் யார்?"
ஷேவந்திபாய் கை தூக்கினாள்.
113-க்கு.
114-க்கும்.

பொய் என்று சொல்ல முடியாது.
கீழ்வீடும் மேல்வீடும் அவள் கட்டியவை,
பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரித் துணி வெளுத்து
தகரம் தகரமாக வாங்கி.
நாங்கள் குடிக்கூலிக்கு இருந்தவர்கள்,
இரண்டு வருடம் ஏழு மாதம்.
பதினோரு மாதத்துக்கொருமுறை புதுப்பித்த முத்திரைத்தாள்
பெட்டியோடு போயிற்று.
படிவத்தில் எங்களுக்கும் ஒரு கட்டம் இருந்தது:
'பிறர்'.

"காகிதம்?" என்றார் தாண்டேல் சார்.
அவளிடமும் இல்லை.

என்னிடம் இருந்தது.
மாதாமாதம் மேல்வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு
கட்டவில்லை என்று அவள் சொல்லிவிடக் கூடாதே என்று
படமெடுத்து அனுப்புவேன்.
முப்பத்தொரு படம்.
அவள் பெயர், மீட்டர் எண், முகவரி.
இடுப்பில் செருகிய போனில்
பதினெட்டு சதவீதம் சார்ஜ்.

காட்டாமல் இருந்திருக்கலாம்.
ஒரு நிமிடம் இருந்தேன்.

பிறகு காட்டினேன்.
எண்ணை எழுதிக்கொண்ட தாண்டேல் சார்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
ஒவ்வொரு பில்லின் ஓரத்திலும்
கல் ஒட்டும் பசை காய்ந்த கட்டைவிரல் ஒன்று.
"இது யார் கை?"

ஷேவந்திபாய்தான் சொன்னாள், மராத்தியில்,
என்னைப் பார்க்காமல்:
"அடுப்பு அவளுது. சுவர் என்னுது."

அதை எழுத
அவர் பேனா ஒரு கட்டம் தேடியது.

முனிசிபல் பள்ளி வகுப்பறையில் மூன்று வாரம்,
நாற்பத்தொரு பேர், ஒரு மின்விசிறி.
அவளுக்கு முதல் தவணை வந்தது.
எங்களுக்கு இரண்டு போர்வை, ஒரு குக்கர்,
'வாடகை உதவி: பரிசீலனையில்' என்று அச்சடித்த சீட்டு.
டெபாசிட் இருபத்தைந்தாயிரம்.
நான் கேட்கவில்லை, அவள் பேச்செடுக்கவில்லை.
ஓர் இரவு, தூங்குகிறேன் என்று நினைத்து,
மகனின் ஜியாமெட்ரி பெட்டிக்குள்
மடித்து வைத்துவிட்டுப் போனாள்.
நாலாயிரம்.
மறுபடி எண்ணினேன்.
நாலாயிரம்தான்.

தோட்டு முதலாளி தினமும் போன் செய்கிறான்,
பன்னிரண்டு குரோஸுக்குக் கணக்குக் கேட்டு.
போய்ப் படியடியில் கிளறினேன்.
பச்சை, சிவப்பு, வெள்ளை எல்லாம் உருகி
எலுமிச்சை அளவில் ஒரு கட்டி.
எடை போட்டு எடுத்துக்கொள் என்றேன்.

அங்கேயே நின்றிருந்தாள் ஷேவந்திபாய்,
நாலு மூங்கில், புதுத் தகரம் ஏழு,
தரையில் சுண்ணாம்புக் கோடு.
கோட்டுக்குள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்:
"அடுப்பு எந்தப் பக்கம் வேணும்?"

வாடகை எவ்வளவு,
அதை முதலில் சொல் என்றேன்.